தும்புத்தடி அறையின் தரை

அன்பு மகனுக்கு,

வட இங்கிலாந்தில் ஓர் ஆலை ஊரின் பொது நூலகத்துக்கு அந்த ஊர் நெசவாலைப் பெண்கள் தரை போட்டுக் கொடுத்தார்கள், ஆளுக்கு ஓர் ஓடு. வாசலில் உள்ள கல்லோ கட்டடம் முழுவதும் ஓர் ஆலை முதலாளியின் கொடை என்கிறது. இது முதலாவது அநியாயம். அந்தப் பெண்களின் பெயர்களை நான் கண்டு சொன்னபோது, எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்று ஒரு கடதாசி எழுதி, என் பெருவிரலை மையில் தோய்த்து அதில் வைப்பித்தார்கள். இது இரண்டாவது. மூன்றாவதை நான் செய்தேன், உனக்கு. அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

வருகிற கிழமை நீ வேலை மாறி இங்கிலாந்துக்குப் போகிறாய். உன் புது வேலையிடத்திலிருந்து அந்த ஊருக்கு ஒரு மணிநேர ரயில். அடுத்த மாதம் அந்த நூலகத்தில் ஒரு பெயர்ப்பலகை திறக்கிறார்கள். கூப்பிட்டது என்னைத்தான். ஆனால் முழங்கால் மாற்றிய ஒப்பரேசன் இன்னும் ஆறவில்லை. இங்கே ரொறன்ரோ மல்வேர்னில் பஸ் படி ஏறவே எனக்கு ஒரு கை வேண்டும். ஆகவே நீ போய் நிற்க வேண்டும். எதற்காக நிற்கிறாய் என்று தெரிந்துகொண்டு நில். தொலைபேசியில் சொன்னால் "ஓகே அம்மா, ஓகே அம்மா" என்று பாதியில் வெட்டிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். பத்திரிகைக்கும் கொடுத்திருக்கிறேன். என் கைநாட்டுக் கதையைக் கலியாண வீடுகளில் சொல்லிச் சிரித்தவர்கள் இந்த ரொறன்ரோவில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களும் வாசிக்கட்டும். ஊரின் பெயரை மட்டும் எழுதவில்லை. அந்த ஊரைப் போல அங்கே பல ஊர்கள் உண்டு, ஒவ்வொன்றின் வாசற்கல்லிலும் இதே பொய் இருக்கலாம்.

நீ பிறந்தது அந்த ஊரில். மூன்று வயதில் ரொறன்ரோவுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம், உனக்கு ஞாபகம் இராது. மேட்டில் நகர மண்டபம், மணிக்கூட்டுக் கோபுரத்தோடு. அதற்குக் கீழே இரும்புக் கூரை போட்ட சந்தை. அதைத் தாண்டினால் பொதுக் குளிப்பு மண்டபம். ஆண்களுக்கு ஒரு வாசல், பெண்களுக்கு ஒரு வாசல், இரண்டின் மேலும் கல்லில் எழுத்து. ஆலைக்காரரின் வீடுகளில் குளிக்க இடம் இல்லாததால் ஊருக்கே சேர்த்துக் கட்டியது. பிறகு தொழிலாளர் மாலையில் படிக்கக் கட்டிய கல்விக்கூடம், கடைசியில் நூலகம். எல்லாம் ஏறக்குறைய ஒரே தலைமுறையில் எழும்பியவை. பக்கத்து ஊர் கோபுரம் கட்டினால் இவர்கள் அதைவிட உயரமாகக் கட்டினார்களாம். நாங்கள் போனபோது ஆலைகளில் பாதி பூட்டிக் கிடந்தன, ஆனால் கட்டடங்களின் முகத்தில் ஆலைக் கரி அப்படியே இருந்தது. நகர மண்டபத்தைக் கழுவியபோது உள்ளே இருந்த கல் தேன் நிறம். அதைப் பார்க்க ஊரே வந்து நின்றது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்று உனக்குத் தெரியும். ஆங்கிலம் வாசிக்கப் பழகியது இந்தக் கட்டடங்களில்தான். உன்னைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லின் முன்னாலும் நிற்பேன். பெரிய எழுத்து, ஆழமாக வெட்டியது, விரலை வைத்தால் ஓடும். "இந்தக் கல் நாட்டப்பட்டது", "இன்னார் முன்னிலையில்", "இன்னாரின் கொடை". அகராதி ஒன்று கடன் வாங்கி ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். ஒரு குளிர்காலத்துக்குள் ஊரின் அத்தனை கல்லும் எனக்கு வாய்ப்பாடம். அப்போதே ஒன்று கண்ணில் பட்டது. கல் நாட்டியவன் பெயர் உண்டு, திறந்தவன் பெயர் உண்டு, கட்டடம் வரைந்தவன் பெயரும் மூலையில் சின்னதாக உண்டு. பெண் பெயர் ஒன்றுகூட இல்லை. அந்த ஊர் ஆலைகளில் தறி ஓட்டியவர்களில் முக்கால்வாசி பெண்கள் என்று பக்கத்து வீட்டு டொறீன் சொல்லுவாள். அவளுடைய தாயும் தறிக்காரி.

அந்த நூலகத்தில்தான் எனக்குத் துப்புரவு வேலை கிடைத்தது. ஒரு முறை குளிரில் தண்ணீர்க் குழாய் வெடித்து வாசிப்பு மண்டபத்தின் தரை பொங்கிவிட்டது. ஓடுகளை எல்லாம் கிளப்பிக் கழுவி மறுபடி பதிக்க ஜோர்ஜ் என்ற தரைவேலைக்காரன் வந்தான். கிளப்புவது அவன், கழுவி அடுக்குவது நான். என்னை "லவ்" என்றுதான் கூப்பிடுவான். அந்த ஊரில் பஸ்காரனும் மீன் விற்கிறவளும் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதை முதன்முதல் கேட்ட அன்று உன் அப்பாவின் முகம் கறுத்த அளவுக்கு ஆலைக் கரிகூடக் கறுத்திராது. ஓடுகளின் அடியில் பழைய சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். வாளியில் ஊறவைத்துத் தும்புப் பிரஷால் தேய்த்தால் கழன்று போகும். இரண்டாவது வாளியிலேயே கண்டேன். சுண்ணாம்பு கழன்ற இடத்தில் எழுத்து. சூளையில் வைக்குமுன் ஈரக் களிமண்ணில் குச்சியால் கீறிய எழுத்து. ஒரு பெண்ணின் பெயர், அதற்குக் கீழே எத்தனையாம் தறிக்கூடம் என்பது. அடுத்த ஓட்டில் வேறொரு பெண். அடுத்ததில் இன்னொருத்தி.

உனக்கு இதை விளக்கத் தேவையில்லை. நம்முடைய ஆள் எவரைக் கொண்டுவந்து அந்த வாளிக்கு முன் இருத்தினாலும் ஒரு கணத்தில் சொல்லியிருப்பார், இது உபயம் என்று. இங்கே ஸ்காபரோவில் உன்னைக் கூட்டிப்போகும் கோயிலில் கதிரையின் முதுகில் பெயர், குப்பை வாளியில் பெயர், மின்விசிறியின் இதழில்கூடப் பெயர். சுழலும்போது ஒருவராலும் வாசிக்க முடியாது, ஆனாலும் எழுதியிருக்கும். கொடுத்தவர் பெயர் கொடுத்த பொருளில் இருக்க வேண்டும் என்பது நமக்குள் ஊறிய கணக்கு. கோயில் மண்டபத்தில் உபயகாரர் பெயரைக் காலடியில் பதிப்பார்கள். வருகிறவர் மிதித்துப் போவதைப் புண்ணியம் என்பார்கள். பெயரை மண்ணுக்குள் குப்புற வைத்ததை நான் எங்கேயும் கண்டதில்லை.

நூலக மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஊர்ச் சரித்திரம் எழுதுகிற ஒருவரைக் கூட்டிவந்தார். அந்த மனிதர் குனியாமலே பார்த்தார். ஓடு செய்த வேலைக்காரப் பெண்கள் தங்கள் கூலிக்காகத் தங்கள் ஓட்டில் அடையாளம் போடுவது வழக்கம், இது அவ்வளவுதான் என்றார். நான் என்னுடைய உடைந்த ஆங்கிலத்தில் கேட்டேன்: "கூலிக்குப் போட்டால் ஒரே ஆளின் பெயர் நூறு ஓட்டில் வர வேண்டும். இங்கே ஒரு பெயரும் இரண்டாம் தரம் வரவில்லை. ஓடு செய்தவள் ஏன் தறிக்கூட இலக்கம் போட வேண்டும்?" அவர் மேலாளரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

ஆகவே நான் இரண்டு வேலை செய்தேன். முதலாவது, எல்லாப் பெயர்களையும் ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியில் எழுதினேன். ஓடு காயும்வரை நேரம் இருந்தது. எழுதி எழுதி என் கையெழுத்தும் திருந்தியது. இரண்டாவது வேலைக்கு ஜோர்ஜின் உதவி வேண்டியிருந்தது. தரை கூட்டும் தும்புத்தடியும் வாளியும் வைக்கும் சின்ன அறையின் தரையும் பொங்கியிருந்தது. அந்த அறைக்கு நான்தான் ராணி, வேறு ஒருவரும் வரமாட்டார்கள்.

"ஜோர்ஜ், இந்த அறைக்கு மட்டும் பெயர் மேலே தெரியப் பதித்துத் தா" என்றேன்.

"லவ், அடிப்பக்கம் கரடுமுரடு. உனக்குத் துடைக்கக் கஷ்டம்."

"துடைக்கிறது நான்தானே?"

அவன் தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு ஓர் ஓட்டைத் திருப்பிப் பார்த்தான். "என்னுடைய பாட்டியும் தறிக்காரிதான்" என்றான். பிறகு பதித்தான். சின்ன அறை, நாற்பது ஓடு வரும். பதித்த பிறகு நான் இன்னொன்றும் செய்தேன். கோயிலில் வெட்டிய பெயருக்குச் சிவப்பு மை தீட்டுவார்களே, அதுபோல் ஒவ்வொரு பெயருக்குள்ளும் சிவப்பு நகப்பூச்சுத் தீட்டினேன். மூன்று போத்தல் முடிந்தது. கதவைத் திறந்தால் தரையில் அத்தனை பெண்களும் சிவப்பாக எழும்பி நிற்பார்கள். ஒவ்வொரு காலையும் தும்புத்தடியை எடுக்க முன் இரண்டு பெயரை வாய்விட்டு வாசிப்பேன்.

அது ஒரு நாள் மேலாளர் வாளி தேடி அந்தக் கதவைத் திறக்கும்வரைதான். பொதுச் சொத்துக்குச் சேதம் என்று கடிதம் வந்தது. எங்கள் அகதி வழக்கு முடியாத காலம். உன் அப்பா நடுங்கிப் போனார்.

"உமக்கு விசரே? வெள்ளைக்காரியளின்ரை பேருக்கு நீர் ஏன் பொட்டு வைக்கிறீர்? எங்களைத் திருப்பி அனுப்பினா உந்தப் பேருகளே வந்து காப்பாத்தும்?"

"பிழை நான் செய்யேல்லை. மறைச்சவைதான் செய்தவை."

"பிழையோ சரியோ, பிள்ளையோடை நிக்கிறம். வாயை மூடும்."

அவர் என்னைக் கேட்காமல் நொத்தாரிசு அண்ணையிடம் ஓடினார். யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசிடம் எழுதுவினைஞராக இருந்து காணி உறுதிப் பத்திரங்கள் எழுதிய மனிதர். அந்த ஊரில் நம் ஆட்களுக்கு எல்லாக் கடதாசியும் அவர்தான். அவர் அழகான ஆங்கிலத்தில் எழுதினார்: இந்தப் பெண்ணுக்கு எந்த மொழியிலும் எழுத வாசிக்கத் தெரியாது, ஓட்டில் இருந்தது எழுத்தென்றே அவளுக்கு விளங்கவில்லை, பூ வேலைப்பாடு என்று நினைத்துச் சாயம் பூசிவிட்டாள், மன்னிக்கவும். நான் பேனையை எடுத்தேன். அவர் பேனையைப் பறித்தார். "கையெழுத்து வைச்சா ஆர் நம்புவினம் பிள்ளை? கைநாட்டு வையும்." மைப்பெட்டியும் கொண்டுவந்திருந்தார். நான் வைத்தேன், மகனே. அந்தக் கடதாசியின் ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. விளங்கிக்கொண்டே விரலை வைத்தேன். வேலையும் போனது. சேதத்துக்கு வழக்கு ஒன்றும் வரவில்லை, அது உண்மை. உன் அப்பா பயந்ததில் நியாயம் இருந்தது, அதுவும் உண்மை. ஆனால் அவரை நான் மன்னிக்கவில்லை. அவருடைய திவசத்துக்கு ஒரு வருடமும் சமைக்காமல் விட்டதும் இல்லை. இரண்டும் ஒரே ஆளால் முடியும் என்பதை, இப்போது கலியாணம் கட்டிய நீ விளங்கிக்கொள்வாய்.

இனி உனக்குச் செய்தது. நீ எட்டாம் வகுப்பில் படிக்கும்போது குடும்பச் சரித்திரம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். அலுமாரியில் என் கொப்பியைக் கண்டெடுத்து, டொறீனுக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்து, ஆறு பக்கம் எழுதினாய். தலைப்பு "என் அம்மா வாசித்த தரை". சமையலறை மேசையில் வைத்துப் பெருமையோடு எனக்கு வாசித்துக் காட்டினாய். நான் பறித்து, உன் கையிலேயே கொடுத்து, உன்னைக் கொண்டே கிழிப்பித்தேன். "உப்பிடிப் பொய்யெல்லாம் எழுதாதை, எனக்கு வாசிக்கத் தெரியாது" என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. மறுநாள் நயாகரா நீர்வீழ்ச்சி பற்றி எழுதிக்கொண்டு போனாய். அதற்குப் பிறகு நீ என்னிடம் ஒன்றும் வாசித்துக் காட்டியதில்லை. ஒரு பொய்க் கடதாசியில் விரல் வைத்தால் அதைக் காப்பாற்ற எத்தனை உண்மையைக் கிழிக்க வேண்டியிருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. தெரிந்தும் உன்னிடம் வந்து சொல்லவில்லை. பிடிவாதம். அது என் பிழை.

பிறகு இரண்டு வருடங்களுக்கு முன் அந்த நூலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நூலகத்தை விற்கப் போகிறார்கள், வீடுகளாக மாற்றப் போகிறார்கள். குளிப்பு மண்டபம் ஏற்கெனவே வீடுகளாகிவிட்டது. பெண்கள் வாசலுக்குள்ளால் இப்போது யாரோ கார் விடுகிறார்களாம். விற்கமுன் கட்டடத்தை அளக்க வந்தவர்கள் தும்புத்தடி அறையின் லினோலிய விரிப்பைக் கிளப்பியிருக்கிறார்கள். கீழே சிவப்பில் பெயர்கள், நேற்றுத் தீட்டியது போல. நான் போன பிறகு வாசிப்பு மண்டபத்து ஓடுகளை உடைத்துக் குப்பைக்கு அனுப்பிக் கம்பளம் விரித்துவிட்டார்கள். ஒருவரும் மதிக்காத சின்ன அறை என்பதால் இதைத் திருத்தாமல் மேலால் மூடிவிட்டார்கள். என்னைக் குற்றவாளியாக்கிய அந்த நாற்பது ஓடுகள் மட்டும்தான் இன்றைக்கு உயிரோடு இருக்கின்றன. அதை வாசித்தபோது நான் சமையலறையில் தனியாக நின்று கைதட்டினேன். பக்கத்து வீட்டுக்காரி சுவரில் தட்டி "அன்ரி, என்ன விஷயம்?" என்று கேட்டாள்.

எழுதியவள் புதிதாக வந்த நூலகப் பொறுப்பாளர், ஹெலன் என்று பெயர், உன் வயது. பழைய கோப்பில் என் பெயரைக் கண்டு, நத்தார்ப் பண்டிகைக்கு இன்னும் எனக்கு வாழ்த்து மட்டை அனுப்பும் டொறீனைத் தேடிப்பிடித்து விலாசம் வாங்கியிருக்கிறாள். நான் உடனே கொப்பியைப் பற்றி எழுதினேன். அழிந்த ஓடுகளின் பெயர்களும் அதில்தான் இருக்கின்றன, வேறெங்கும் இல்லை. பெயர்ப்பலகையில் எல்லாப் பெண்களும் வர வேண்டும் என்றேன். ஹெலன் சம்மதித்தாள். அவர்களுடைய சரித்திரக் குழு சம்மதிக்கவில்லை. கோப்பிலே என் கைநாட்டு இருக்கிறதே! எழுத வாசிக்கத் தெரியாத பெண் எழுதிய கொப்பி என்று எப்படி ஏற்பது, பின்னாளில் வேறு யாராவது எழுதியிருக்கலாம் என்றார்கள். பலகைக்கு அவர்கள் எழுதி அனுப்பிய வாசகம் இது: "எழுத்தறிவில்லாத துப்புரவுப் பணியாளர் ஒருவர் தவறுதலாக ஓடுகளைத் தலைகீழாகப் பதித்ததால் இந்தப் பெயர்கள் தப்பின." நாற்பது பெயர் மட்டும். மற்றவர்கள் மறுபடி மண்ணுக்குள்.

நீ அப்போது சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, லெட் இட் கோ. அவங்கள் உங்களை ஹொனர் பண்ணீனம்தானே." அந்த வசனத்தை நான் மறக்கவில்லை, குறித்து வைத்திருக்கிறேன். எனக்கு ஒரு வரி தந்து அவர்களை மறைப்பதற்கு நான் சம்மதிப்பதா? என் விரல் வைத்த மை அத்தனை பெண்களின் மேலும் போய்ப் பூசியிருந்தது. அதைத் துடைக்கக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவர்தான் மிச்சம்.

நொத்தாரிசு அண்ணை இப்போது ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் யூனியன்வில்லில் மகனோடு இருக்கிறார், தொண்ணூறு தாண்டிவிட்டது. ஒரு பனி நாளில் மூன்று பஸ் மாறிப் போனேன். முழங்கால் அப்போது இன்னும் பழையது. மருமகள் கதவைத் திறந்தாள். அவர் யன்னலோரம் கம்பளிக்குள் இருந்தார்.

"ஆர் பிள்ளை?"

"உங்கடை கைநாட்டுக்காரி."

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. "நான் உம்மைக் காப்பாத்தத்தானே எழுதினனான். உம்முடைய மனுசன் வந்து காலைப் பிடிச்சவர்."

"மனுசன் செத்துப்போட்டார். நீங்கள் இருக்கிறியள். இருக்கிற ஆளிட்டைத்தானே கேக்கலாம், அண்ணை."

"என்ன கேக்கிறீர்?"

"அண்டைக்கு எழுதினது பொய், இவவுக்கு எழுத வாசிக்கத் தெரியும் எண்டு எனக்குத் தெரியும், நான்தான் பேனையைப் பறிச்சு விரலை வைப்பிச்சனான் எண்டு உங்கடை கையால எழுதித் தாங்கோ."

அவர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "இத்தினை வருசம் உறுதி எழுதினன் பிள்ளை. பொய் எழுதினவன் எண்டு கடைசியில என்னையே நான் எழுதுறதே?"

"ஓம்."

"என்ரை பிள்ளையள் என்ன நினைப்பினம்?"

"என்ரை பிள்ளை என்ன நினைச்சதெண்டு அண்டைக்கு ஆர் கேட்டது?"

"எனக்குக் கை நடுங்குது."

"அப்ப கைநாட்டு வையுங்கோ."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். கிழவர் என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கி, இருமி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "எட கோதாரி, இத்தினை வருசமா இதைச் சொல்லத்தானே வைச்சிருந்தனீர்" என்றார். பேனை கேட்டார். ஒவ்வொரு எழுத்தாக, ஒரு பக்கம், ஒரு மணிநேரம். ஆங்கிலத்தில் ஒரு பிழையும் இல்லை. கையெழுத்து வைத்துவிட்டு, "நீர் இதை வாசிச்சுப் பாரும்" என்று என்னிடம் நீட்டினார். நான் அவர் முன்னிலையில் முதலில் இருந்து கடைசிவரை உரக்க வாசித்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிதர் மேல் எனக்கிருந்த கோபம் அந்த வீட்டுப் படியில் இறங்கும்போது இல்லை. எனக்கே ஆச்சரியம்.

அந்தக் கடிதத்தோடு கொப்பியின் படங்களும் போயின. குழு கொஞ்சம் அசைந்தது, முழுக்க இல்லை. அதற்குள் ஹெலன் ஒரு கெட்டிக்கார வேலை செய்தாள். நாற்பது பெயரையும் எழுதி நூலகக் கதவில் ஒட்டினாள், உங்கள் வீட்டில் இப்படி ஒருத்தி இருந்தாளா என்று கேட்டு. சனம் வரத் தொடங்கிவிட்டது. பாட்டியின், பூட்டியின் படத்தோடு வந்தார்கள், கலியாணப் பதிவோடு வந்தார்கள். ஒரு நாள் ஹெலன் வீடியோவில் கூப்பிட்டாள். ஒரு முதிய பெண் கையில் ஒரு பழைய மட்டையைப் பிடித்தபடி பக்கத்தில் இருந்தார். தறிக்கூடத்துப் பெண்கள் தங்களுக்குள் கொடுத்த மட்டை. நூலகத் தரைக்கு ஓர் ஓடு கொடுத்ததற்கு அத்தாட்சி. முதலாளி வேறு பெயர் எதுவும் கண்ணில் படக் கூடாது என்று நிபந்தனை போட்டதால் பெயர் அடிப்பக்கம் இருக்கும் என்று அதிலேயே எழுதியிருந்தது. அந்த முதிய பெண்ணின் பூட்டியின் பெயர் கதவில் ஒட்டிய பட்டியலில் இல்லை. அவளுடைய ஓடு குப்பைக்குப் போன ஓடுகளில் ஒன்று.

"உங்கள் கொப்பியில் ஹானா என்று யாராவது இருக்கிறார்களா?" என்று ஹெலன் கேட்டாள்.

"எத்தனையாம் தறிக்கூடம்?" என்றேன்.

"இரண்டு."

கண்ணாடியைப் போட்டேன். ஏழாம் பக்கம், மேலிருந்து நாலாவது வரி. பெயரை முழுதாக வாசித்தேன், தகப்பன் வழிப் பெயரோடு, தறிக்கூட இலக்கத்தோடு. திரையில் அந்த முதியவர் மட்டையை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ஹெலன் கதிரையிலிருந்து எழும்பி நின்று கத்தினாள், அதுவும் நூலகத்துக்குள்! உயிரோடு இல்லாத ஓட்டில் இருந்த பெயரை என் கொப்பி சொன்ன பிறகு எந்தக் குழுவால் என்ன பேச முடியும்? குழுவின் தலைவர் எனக்குத் தன் கையால் மன்னிப்பு எழுதினார். நூலகத்தை விற்கும் யோசனையை நகர சபை கைவிட்டுவிட்டது. அத்தனை பேரப்பிள்ளைகளும் வாசலில் வந்து நின்றால் யாருக்கு விற்பது? பலகையில் இனி எல்லாப் பெயரும் வரும். என்னைப் பற்றி ஒரு வரி கேட்டார்கள். "இந்தத் தரையைத் துடைத்த பெண் இந்தப் பெயர்களை வாசித்தாள்" என்று எழுதச் சொன்னேன். என் பெயர் வேண்டாம் என்றேன். அந்தத் தரைக்கு நான் ஓர் ஓடும் கொடுக்கவில்லை. கொடுக்காதவள் பெயர் போடக் கூடாது, அதையும் நமக்குக் கோயிலில் சொல்லித்தந்திருக்கிறார்கள்.

நான் வென்றுவிட்டேன், மகனே. அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. அவர்களுடைய கோபுரம், அவர்களுடைய குழு, அவர்களுடைய சிரிப்பு, எல்லாவற்றையும் ஒரு தும்புத்தடி அறைக்குள் நின்றே வென்றேன். பிழை செய்யாத இடத்தில் பிழை என்று ஒப்புக்கொள்ளாதே. ஒப்புக்கொண்டுவிட்டால் எத்தனை வயதானாலும் போய் அதைத் திருப்பி எடு. உனக்கு நான் தரும் புத்தி இவ்வளவுதான்.

இனி நடக்க வேண்டியவை. சபை, வாசலில் உள்ள முதலாளியின் கல்லைக் கழற்றக் கூடாது. பொய்யும் சரித்திரம், பக்கத்தில் உண்மை இருந்தால் போதும். ஹெலன், தும்புத்தடி அறைக்குக் கண்ணாடிக் கதவு போட வேண்டும், பழைய கதவைக் கழற்றி வைத்திருக்கவும் வேண்டும். சரித்திரக் குழு, தங்கள் பழைய புத்தகத்தில் ஓடு செய்தவர்களின் அடையாளம் என்று எழுதிய பக்கத்தைத் திருத்தி அச்சடிக்க வேண்டும். டொறீனுக்கு முன்வரிசையில் கதிரை வேண்டும். ஜோர்ஜ் இருக்கிறானா என்று தெரியாது. அவனுடைய பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்து, அவன் பதித்தது ஒன்றும் ஆடவில்லை என்று யாராவது சொல்ல வேண்டும், அது உன் மனைவியின் பொறுப்பு, அவளுக்குத்தான் ஆட்களைத் தேடிப் பிடிக்கத் தெரியும். நொத்தாரிசு அண்ணையின் மூலக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீ கொண்டுபோய் அந்தக் கோப்பில் என் கைநாட்டுக்கு நேர் மேலே உன் முன்னிலையில் வைப்பிக்க வேண்டும். பலகை திறந்ததும் பெயர்களை நீ வாசிக்க வேண்டும், எல்லாவற்றையும், அவசரப்படாமல். ஹானாவை ஏழாம் பக்கத்தில் தேடு. கொப்பி உன் பையில் இருக்கிறது, நானே வைத்தேன். திரும்பிப் போய் அந்த ஆறு பக்கத்தையும் மறுபடி எழுது, அதே தலைப்பில். எழுதி முடித்ததும் தொலைபேசி எடுத்து எனக்கு வாசித்துக் காட்டு. நான் பாதியில் வெட்டமாட்டேன்.

என் பங்குக்கு ஒன்றுதான் மிச்சம். இதன் கீழே பேனையால் கையெழுத்து வைக்கிறேன்.

அம்மா